பத்து மணிக்கு அவிழ்க்க வேண்டிய கட்டு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். இதை எழுத வேண்டியவர் அப்பா. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நல்ல தமிழ் அவரிடம்தான் இருக்கிறது. அவர் மறுத்துவிட்டார். ஆகவே செங்கற்பட்டில் பையன்களுக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் கண்ணயரும் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்டைப் படத்தைப் பற்றி. அண்ணனின் தோளுக்கு மேலே கறுப்பாகத் தெரிவது அச்சுப்பிழை அல்ல, குதிரையின் மூக்கு. அண்ணன் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிண்டியில் அவருடைய குதிரைகள் கோப்பை வாங்கியபோதெல்லாம் படம் எடுத்தார்கள். நடுவில் குதிரை, மேலே ஜாக்கி, பக்கத்தில் முதலாளி, முதலாளியின் சம்சாரம், கோப்பை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் அண்ணன். பல படங்களில் அவருடைய கை மட்டும்தான் விழுந்திருக்கிறது. முகம் முழுதாக விழுந்த ஒரே படம் இதுதான். மூக்கை நீக்கிவிடலாமா என்று அச்சகத்தார் கேட்டார். நீக்கினால் அண்ணன் யாரோ தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருக்கிறார். அதனால் மூக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது அம்மாவின் ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில். வளர்ந்தது செங்கற்பட்டில். பள்ளிக்கூடத்துக்கென்று கிளம்பி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பார். பதினாறு வயதில் ஒருநாள் கிண்டிக்கு ரயிலேறிவிட்டார். லாயத்தில் சாணம் அள்ளினார், குதிரை தேய்த்தார், பிறகு குதிரைக்காரர் ஆனார். தலைமை ஆசிரியரின் மூத்த மகன் ரேஸ் லாயத்தில் சாணம் அள்ளுகிறான் என்பது அப்பாவுக்குத் தாங்கவில்லை. “சூதாட்டத்துக் குதிரை நாற்றத்தோட இந்த வாசல் ஏறாதே” என்று கடிதம் எழுதினார். அண்ணன் ஏறவில்லை. பதினெட்டு வருஷம் ஏறவில்லை.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது அந்த லாயத்துக் குதிரைகளை ரேஸுக்குப் பழக்கிய டிரெயினர் துரையும் போய்விட்டார். குதிரைகளின் முதலாளியான ஜமீன்தார், “இனிமே நீயே பாத்துக்கோ” என்று அண்ணனிடம் சாவியைக் கொடுத்தார். அடுத்த ஆறேழு வருஷம் கிண்டியிலும் ஊட்டியிலும் அண்ணன் பேர்தான். குதிரையின் காலில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மற்றவர்களுக்கு மறுநாள் தெரியும் வீக்கம் அவருக்கு முதல்நாள் மாலையே தெரிந்துவிடும். டிரெயினருக்குச் சொத்து அந்தப் புறங்கையும், ‘இவர் எதையும் மறக்கமாட்டார்’ என்கிற பேரும்தான்.

பேர் வந்ததும் உறவும் வந்தது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரைப் பார்க்கக் கிண்டிக்குப் போயிருக்கிறீர்கள். என்ன கேட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். “அண்ணாத்த, சனிக்கிழமைக்கு எது?” அண்ணன் சிரித்துக்கொண்டே, “அது குதுரைக்கே இன்னும் தெரியாதுப்பா” என்பார். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கேட்டவன்தான். அதுவும் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போன இடத்தில். “காய்ச்சல் எப்படி இருக்கு” என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் கேட்டுவிட்டேன். பொங்கல், தீபாவளி, புது வருஷம், ஊர் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அவருக்கு ரேஸ் நாள். கோப்பை வாங்கிய மாலையில் முதலாளிகள் விருந்துக்குப் போவார்கள். அண்ணன் லாயத்துக்குத் திரும்பி, ஜெயித்த குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்து தயிர் சோறு சாப்பிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வேண்டிய அப்பாவிடம் பேச்சே இல்லையே.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜமீன்தாரிடம் மல்லி என்று அண்ணன் கூப்பிட்ட ஒரு பெண்குதிரை இருந்தது. ரேஸ் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். ஊட்டியில் ஓடும்போது முன்னங்கால் நரம்பு பிசகிவிட்டது. சுட்டுவிடலாம் என்றார்கள். அண்ணன், “எட்டு மாசம் குடுங்க. கடல் தண்ணில நிக்க வெச்சுக் கொண்டாறேன்” என்று கேட்டு வாங்கினார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தின் ஓரம் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டார். மற்ற குதிரைகளைக் கையாளிடம் விட்டுவிட்டு வாரத்தில் நான்கு நாள் அங்கேயே இருந்தார். அந்த நாளெல்லாம் விடியலில் மல்லியை முழங்கால் ஆழத்துக்கு நடத்திப் போய் ஒரு மணி நேரம் அலையில் நிற்பார். அதுவும் பேசாது, அவரும் பேசமாட்டார். பக்கத்துக் குப்பத்துக் கோதண்டம் வலையை உதறிக்கொண்டே பார்ப்பாராம். “ரெண்டும் யாருக்கோ காத்துகினு கீற மாதிரியே நிக்கும் சாரு” என்பார்.

ஏழாம் மாசம் மல்லி நொண்டாமல் ஓடியது. ஜனவரியில் பெரிய ரேஸுக்குப் பேர் கொடுத்தார் ஜமீன்தார். அந்தச் சமயத்தில்தான் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. “உன் தாய் உன்னைப் பார்க்க விரும்புகிறாள். ஞாயிறு வரவும்.” தபாலை நம்பாமல் அம்மா அதை என்னிடமே கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் அண்ணன் அந்தக் கார்டைப் படித்தார். அவ்வளவு சின்னக் கார்டை அவ்வளவு நேரம் படித்தவரை நான் பார்த்ததில்லை.

“இங்க இருக்கற குதிரைக்காரனுக்கு அம்மை போட்டிருக்கு, ஊருக்குப் போயிருக்கான். மல்லிய யார் பாக்கறது?” என்றார்.

“நான் பாத்துக்கறேன் அண்ணே. நாலு காலு, ஒரு வாலு. இதுல இன்னா கீது?” என்றேன்.

ஜட்காக் குதிரை தும்மினாலே நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் வீட்டில் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் விடியலில் மல்லியைக் கடலில் நிறுத்திவிட்டு வந்து, உப்புத் தண்ணீரில் நனைத்த நீளத் துணியை இரண்டு முன்னங்காலிலும் சுற்றிக் கட்டினார். “ஈரம் இருக்கற வரைக்கும்தான் இது மருந்து. காஞ்சா இறுக்கும், நரம்ப நெரிச்சுடும். பத்து மணிக்கு அவுத்துடு. மறந்துடாத” என்று மூன்று தடவை சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

நான் மறக்கவில்லை. அதுதான் விஷயம். பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கொட்டகை வாசலில் நின்றேன். மல்லி திரும்பிப் பார்த்தது. நான் ஒரு அடி வைத்தேன். அது காலைத் தூக்கி ஈயை விரட்டியது. அடுத்த நிமிஷம் நான் கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஓடி வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. பதினொன்றுக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை போனேன். மூன்றாவது தடவை, பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், “இங்க பாரு மல்லி” என்று ஆரம்பித்தேன். அது செருமியது. திரும்பவும் கட்டுமரம்.

கோதண்டம் கடலிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டார்.

“இன்னா சாரு, குதுரைக்கு நீ காவலா, உனுக்குக் குதுர காவலா?”

“காத்து வாங்கிகினு இருக்கேன்.”

“கால்ல கட்டு அப்பிடியே கீதே. அண்ணாத்த பத்து மணிக்கே அவுத்துடுவாரே. நா அவுக்கட்டுமா?”

அவர் தொட்டால் மல்லி சும்மா நிற்கும், தினமும் பார்க்கிற ஆள். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கோதண்டம் சிரித்துக்கொண்டிருந்தார். மாமல்லபுரம் பூராவும் சொல்லிச் சிரிப்பார் என்று பட்டது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “வேணாம். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்னு அண்ணன் சொன்னாரு” என்றேன்.

“அப்பிடியா? டிரெயினரு சொன்னா சரி” என்று அவர் போய்விட்டார்.

கடற்காற்றிலும் வெயிலிலும் துணி காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆனது. மத்தியானம் வருவதாகச் சொன்ன அண்ணன் மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தார். கையில் அம்மா கொடுத்த முறுக்குத் தூக்கு. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம். அப்படியே கொட்டகைக்குள் போனார்.

கத்தியால் கட்டை அறுக்கும் சத்தம் கேட்டது. புறங்கையைக் காலில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“சாப்ட்டியா?”

மூன்றாம் நாள் ஜமீன்தார் காரில் வந்தார். வீங்கிய காலைப் பார்த்தார்.

“யார் பண்ணது இது?”

நான் பின்னால்தான் நின்றேன். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அண்ணன் திரும்பாமலே, “தம்பி, ஐயாவுக்கு இளநீர் வெட்டச் சொல்லு, போ” என்றார். நான் போனேன். தோப்பு ஓரத்தில் நிற்கும்போது காதில் விழுந்தது.

“நான்தாங்க. கட்டிட்டு ஊருக்குப் போனேன், மறந்துட்டேன்.”

“நீயா மறந்தே?”

“ஆமாங்க.”

ஜமீன்தார் இளநீர் குடிக்கவில்லை. அந்த மாசமே அவருடைய குதிரைகள் வேறு டிரெயினரிடம் போயின. மற்ற முதலாளிகளும் ஒவ்வொருவராக விலகினார்கள். ‘கட்டை அவிழ்க்க மறந்தவன்’ என்ற பேர் லாயத்துக்கு லாயம் நடந்தது. மல்லியை மறுபடியும் சுடச் சொன்னார்கள். அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பிறகு நான்கு வருஷம் அந்தக் கொட்டகையில் அவரும் மல்லியும். எங்கும் ஓடப்போகாத குதிரையைத் தினமும் கடலில் நிறுத்தினார். வேகவைத்த கொள்ளில் அதற்குப் பாதி, தனக்குப் பாதி. கிண்டியில் மிச்சமிருந்த கடைசி முதலாளியும் விலகிய பிறகு “சனிக்கிழமைக்கு எது” என்று கேட்கவும் ஆள் வரவில்லை. நான் முதலில் மாசா மாசம் போனேன். ஒரு தடவையாவது திட்டுவார் என்று பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார், மீன் வாசனைக்கு என் மூக்கு சுருங்குவதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஆக்கினேன், அப்புறம் ஆறு. வீட்டுக்குக் கூப்பிட்டால், “மல்லிய யார் பாக்கறது?” என்பார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் ஒரு காலையில் மல்லி மட்டும் தனியாக வந்து தண்ணீரில் நிற்பதைக் கோதண்டம் பார்த்திருக்கிறார். கொட்டகைக்கு ஓடினால் அண்ணன் கடும் காய்ச்சலில் கிடந்தார். செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் யாரும் இல்லாதபோது, “அண்ணே, அந்தக் கட்டு…” என்று ஆரம்பித்தேன்.

“கட்டுமரத்து மேலே நாலு தடவ ஏறினியாமே. கோதண்டம் சொன்னாரு” என்றார்.

“மூணு.”

“நீ கிட்ட போகாதது நல்லதுதான்டா. உன்னை உதைச்சிருந்தா அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

மறுநாள் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவிடம் காட்டினேன். சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் இரண்டு பக்கத்தில் பதினோரு திருத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் பென்சில் நின்றது. என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“அன்னைக்கு மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினான். நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன். பாயசம் சாப்பிட்டுப் போடான்னேன். எழுந்திருக்க எழுந்திருக்க, இருடா இருடான்னேன்” என்றார். பென்சிலை என்னிடம் நீட்டி, “அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த கோதண்டத்துக்கும் குப்பத்துக்காரர்களுக்கும், இரவு பகல் பார்த்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும், கிண்டியிலிருந்து மாலையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போன ஒரு பழைய குதிரைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மல்லி இப்போது கோதண்டத்தின் பொறுப்பில் நலமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் நான் போகிறேன். அதைக் கடலில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் கயிற்றின் நீளம் பதினைந்து அடி. நான் மறுமுனையில்.

இந்த மலரின் ஒரு பிரதியை ஜமீன்தாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களில் யாராவது கிண்டிப் பக்கம் போனால், லாயங்களில் அண்ணனை அறிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் இவ்வளவு நீளம் படித்துக்காட்ட வேண்டாம். அவர் எதையும் மறக்கவில்லை, கட்டை அவிழ்க்காமல் விட்டவன் அவருடைய தம்பி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.