திரை வண்டி நின்ற வீடு

அந்த வெள்ளைக்காரப் பெண் இன்னும் சில வருடம் உயிரோடு இருந்திருந்தால், மல்லிகாவின் வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்குமா? இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. சிவகாமசுந்தரி டீச்சரின் கதை முழுவதையும் கேட்டறிந்த பிறகுதான், கேள்வியே தவறான ஆளைப் பற்றியது என்று புரிந்தது.

மிஸ் ஹார்டிங் மலாக்காவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டில், கிறிஸ்தவ மிஷனுக்காக, தமிழ்ப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாள். சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். வயதுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். "பெரிய பிள்ளைய ரோட்டுல நடக்க விடுறதா? நாலு பேரு பாப்பாங்க" என்று தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். மிஸ் ஹார்டிங் வாதாடவில்லை. ஒரு மாட்டு வண்டி வாங்கி, நான்கு பக்கமும் வெள்ளைத் திரை தைத்துப் போட்டாள். பெண்கள் வாசலில் ஏறி வாசலில் இறங்கினார்கள். பொட்டை அழி, பூவை எடு என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. சில வருடங்களில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள்.

அந்த வண்டியில் முதலில் ஏறிய பெண் சிவகாமசுந்தரி. அவளே பின்னால் அந்தப் பள்ளிக்கு டீச்சர் ஆனாள். அந்தத் திரை மட்டும் இல்லையென்றால் அவளும் பதினான்கு வயதில் எவனுக்கோ கழுத்தை நீட்டியிருப்பாள். அதனால் அவளுக்கு அது வண்டி இல்லை, காவல்.

ஜப்பான்காரன் வந்ததும் மிஷன் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். பள்ளி பூட்டிக் கிடந்தது. சிவகாமசுந்தரி கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஜப்பானியப் பாட்டும் காலை வணக்கமும் கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, பள்ளியை மறுபடி திறந்தாள். "டீச்சர் ஜப்பான்காரனுக்குக் குனியுறா" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். குனிந்தாள்தான். அவளிடம் படித்த மல்லிகா ஏழாம் வகுப்பை முடித்தால் அடுத்த வருடம் துணை டீச்சர் ஆகலாம். வகுப்பில் அவளைப் போல் கணக்குப் போட யாரும் இல்லை. அதற்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் குனியலாம் என்று டீச்சர் நினைத்தாள்.

திரைகளைத் துவைத்துக் காயவைத்து வண்டியைத் திரும்பவும் ஓடவிட்டாள். ஓட்டியவர் ஹாஜா. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சத்தம் போடுவார்.

"ஏறுங்க தங்கச்சிகளா, சீக்கிரம் லா! மாடு என்னைவிடப் பட்டினி!"

"மாட்டுக்காச்சும் புல்லு கிடைக்குது அண்ணே, எங்களுக்கு வெறும் மரவள்ளிதான்" என்று மல்லிகா உள்ளிருந்து பதில் கொடுப்பாள். திரைக்குள் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மல்லிகாவின் அப்பா மாணிக்கவாசகத்தின் வீட்டுக்கு ஒருவன் வந்தான். பட்டாளத்துக்கு மொழிபெயர்ப்பாளன், உள்ளூர் ஆள்தான். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சாவகாசமாகப் பேசினான்.

"சின்னப் பிள்ளைங்க எல்லாம் நடந்து போவுதுங்க. இந்தத் தெருவுல உங்க வாசல்ல மட்டும் திரை வண்டி நிக்குது. பெரிய பொண்ணு இருக்கு போல. கேன்டீன்ல பரிமாற ஆள் கேக்கறாங்க ஐயா. அரிசி குடுப்பாங்க."

பட்டாளத்துக் கேன்டீனுக்குப் போன பெண்கள் திரும்பி வந்ததில்லை என்று மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். "கல்யாணம் நிச்சயமாயிடுச்சுங்க" என்றார்.

"அப்படியா? எப்போ?"

"வர்ற முகூர்த்தம்."

"நல்லது. நான் வந்து சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான்.

மாப்பிள்ளை என்று ஒருவன் அதுவரை கிடையாது. சாயங்காலமே தேடக் கிளம்பினார்கள்.

விஷயம் தெரிந்து சிவகாமசுந்தரி ஓடினாள். "என் வீட்டுல மறைச்சு வச்சுக்கறேன் ஐயா. பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

"எங்க மறைப்பீங்க டீச்சர்?" மாணிக்கவாசகம் குரலை உயர்த்தவில்லை. "எந்த வீட்டுல பொண்ணு இருக்குன்னு ஊரெல்லாம் வண்டிய நிறுத்திக் காட்டினது நீங்கதான். மூடி மூடிக் கொண்டுபோனீங்க. மூடினதுக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா?"

அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அன்றே வண்டியை நிறுத்தினாள். ஆனால் அது நின்ற மற்ற வீடுகளும் இதற்குள் பயந்துவிட்டன. அந்த மாதம் முடிவதற்குள் மல்லிகாவையும் சேர்த்து, திரைக்குள் சிரித்த ஐந்து பெண்களுக்கும் கல்யாணம் ஆனது. கிழங்கு அவித்துப் பந்தி போட்டார்கள். மல்லிகாவின் கல்யாணத்தில் மொழிபெயர்ப்பாளன் முதல் பந்தியில் உட்கார்ந்தான்.

மாப்பிள்ளை ஜெயபாலன் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். கல்யாணமான ஆளைச் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் அவன் வீட்டாரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ரோடு போடும் வேலை என்று அவனைக் கூப்பிட்டார்கள். போனவனை அங்கிருந்தே சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மல்லிகா அப்போது மூன்று மாத கர்ப்பம்.

சண்டை முடிந்து மிஷன் ஆட்கள் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கு மிஸ் ஹார்டிங்கின் பெயரை வைத்தார்கள். விழாவில் பேசியவர்கள், அந்த இளம்பெண் ஏற்றிய விளக்கு ஜப்பான் காலத்திலும் அணையவில்லை என்றார்கள். சிவகாமசுந்தரிக்கு மாலை போட்டார்கள். அவள் அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தெங்கேராவில் இருந்த மல்லிகாவின் மாமியார் வீட்டுக்கு நடந்தாள்.

"திரும்பி வா மல்லிகா. ஏழாம் வகுப்பு எழுதலாம். பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

மல்லிகா கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவரு செத்துட்டாருன்னு யாராச்சும் ஒரு கடுதாசி அனுப்பினா, அடுத்தவங்கள கூப்பிடாம நானே படிச்சுக்குவேன் டீச்சர். அந்த அளவுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. போதும்."

டீச்சரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் காலை வழக்கம்போல் வகுப்பெடுத்தாள். அதற்கப்புறமும் பல வருடம் எடுத்தாள். மல்லிகா வரவில்லை. ஜெயபாலனைப் பற்றிய கடிதமும் வரவில்லை.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இன்று கிளார்க்காக, நர்ஸாக, டீச்சராக இருக்கிறார்கள். அது மிஸ் ஹார்டிங் செய்த நன்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் பெயரைச் சொல்லும் இடத்தில், பாதியில் இறக்கிவிடப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இதைப் படித்தவர்கள் ஒரே ஒரு ஆளிடமாவது மல்லிகாவைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.