புதுப் பூட்டும் மூன்று திருகாணியும்

திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்கு அருகே ஒரு வீட்டின் பின்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எங்கள் கதவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று அம்மாவிடம் இருந்தது. இன்னொன்று முன்பகுதியில் இருந்த வீட்டுக்காரச் சேச்சியின் இடுப்பில். அம்மாவின் சாவியாவது சில நேரம் ஆணியில் தொங்கி ஓய்வெடுக்கும். சேச்சியின் சாவிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மழை வந்தால் திறந்து ஜன்னலைச் சாத்துவார். குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். சுவரில் எத்தனை ஆணி அடித்திருக்கிறோம் என்று எண்ணுவார். நல்ல மனுஷிதான், சும்மா சொல்லக்கூடாது. கதவைத் தட்டும் பழக்கம் மட்டும் இல்லை.

ஒருநாள் அம்மா குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு வெளியே வந்தால், சேச்சி கூடத்தின் நடுவில் நின்று ஆணி எண்ணிக்கொண்டிருக்கிறார். அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"பூட்டை மாத்தணும். இல்லன்னா வேற வீடு பாருங்க."

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பூட்டில் கை வைத்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள், ஆபீசுக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் இவ்வளவு பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது என்று பத்து நாள் புலம்பினார். அம்மா அவரிடம் அதற்குமேல் பேசவில்லை. நாகர்கோவிலில் பட்டறை வேலை பார்த்த மாமாவுக்குக் கடிதம் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். பையில் புதுப் பூட்டு, திருப்புளி, எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல். சேச்சி கோயிலுக்குக் கிளம்பியதும் வேலையைத் தொடங்க வேண்டும். அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: கதவில் புதிதாக ஓர் ஓட்டைகூட விழக்கூடாது, பழைய ஓட்டைகளிலேயே பூட்டு உட்கார வேண்டும். பழைய பூட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். காலி பண்ணும்போது அதையே மாட்டிக் கொடுக்க வேண்டுமாம். இவ்வளவு பெரிய யுத்தத்தில் இதென்ன ஒழுங்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எனக்குக் காவல் வேலை. சேச்சி திரும்பி வரும் ஆட்டோ சத்தம் கேட்டால் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் இதைவிடப் பெரிய பதவி உண்டா? சந்தோஷம் தாங்காமல் தெருவில் போன எல்லா ஆட்டோவுக்கும் வாய்ப்பாடு சொன்னேன். ஒவ்வொரு முறையும் மாமா பதறி எழுந்தார். அப்பா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கடைசியில் உண்மையான ஆட்டோ வந்தபோது நான் போட்ட கூச்சலில் நாலாவது திருகாணி மாமாவின் கையிலிருந்து விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. மூன்றோடு கதவைச் சாத்தினோம்.

பிரசாதத்தோடு சேச்சி நேராக எங்கள் பக்கம் வந்தார். சாவி பூட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. நுழைந்தது, திரும்பவில்லை. மறுபடியும் முயன்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

"எந்தா மோளே, தாக்கோல் திரியுன்னில்லல்லோ?"

அம்மா கதவைத் திறந்தாள். "பூட்டை மாத்தியாச்சு சேச்சி."

"இது என்டெ வீடல்லே?"

"உங்க வீடுதான். உள்ள குடியிருக்கது நாங்கல்லா." அம்மா முந்தானையிலிருந்து இன்னொரு சாவியை அவிழ்த்து நீட்டினாள். "தீ, வெள்ளம்னு ஏதாவது வந்தா தொறக்கதுக்கு உங்க கையிலயும் ஒண்ணு இருக்கணும். மத்த நேரம் தட்டுங்க, நான் தொறக்கேன்."

சேச்சி சாவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாங்கி இடுப்பில் செருகினார். பிரசாதத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டு ஜெயித்துவிட்டு, சாவியைத் தூக்கி எதிரியிடமே கொடுத்தால் என்ன அர்த்தம்? தொண்டை கட்டக் கட்ட வாய்ப்பாடு சொன்னது இதற்குத்தானா? மாமாவிடம் முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நாலாவது திருகாணியைத் தேடினார்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் சேச்சி கதவைத் தட்டியது அதுதான் முதல்முறை. அம்மா உடனே எழவில்லை. தலையை வாரி முடித்தாள், கொண்டை போட்டாள், அப்புறம் நிதானமாக நடந்து போய்த் திறந்தாள்.

பாவம், அதற்குள் சாவியைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.