அந்த மந்திக்கு பில் கட்டியது யார்?

போன சனிக்கிழமை காலை, ஏர்போர்ட் போகிற வழியில் ஓர் அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டேன். அதுவும் என் காரில், என் பெட்ரோலில்!

அக்கா மகள் நிவேதா ஆஸ்திரேலியாவில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு நாள் எங்களோடு தங்கிவிட்டுத் திரும்புகிறாள். பக்கத்து சீட்டில் லேப்டாப்பைத் திறந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இப்பவும் டியூட்டியா?”

“வெளிநாட்டுல யாராவது சாப்பாடு வாங்கிக் குடுத்து கவர்ன்மெண்ட் விஷயம் பேசினா எழுதிக் குடுக்கணும் மாமா. யார் பேசினாங்க, யார் செலவு... மறைச்சா வேலை போயிடும்.”

ஏசியை இன்னும் கூட்டி வைத்தேன்.

முந்தின நாள் மதியம் அவளுக்கு அரபு மந்தி விருந்து. பெரிய தட்டில் மலைபோல் சோறு, மேலே ஆடு. பாதியில் எங்கள் முதலாளி ‘தற்செயலாக’ வந்து உட்கார்ந்தார். காயல்பட்டினத்துக்காரர், இங்கே வளைகுடாவில் தேரா கடைவீதியில் மசாலா ஏற்றுமதி. அவருக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

“ஒங்க ஊர்ல மசாலாவுக்குப் புதுசா ஏதோ டெஸ்ட் ரூல் வருதாமே? ஒங்க எம்.பி. காதுல ஒரு வார்த்தை போட்டு வையிம்மா.”

பில் நான் கட்டியதாக நிவேதா நினைத்தாள். நினைக்க வைத்தேன். முதல் நாளே முதலாளி தன் கார்டைக் கையில் கொடுத்துச் சொல்லியிருந்தார்: “செலவு நம்மளது. ஒம்ம பேர்ல இருக்கட்டும்வே.”

மறுத்தேனா? அக்கா வீட்டில் எனக்குக் கஞ்சன் என்று இருபது வருடப் பெயர். அதை ஓசியில் அழிக்க வாய்ப்பு வந்தால் விடுவேனா? வெயிட்டர் முன்னால் பர்ஸை எடுத்து ஆட்டக்கூடச் செய்தேன்.

“குடும்ப விருந்துன்னு உங்க பேரைப் போட்டுடறேன். ஓகேதானே மாமா?”

ஓகே... ஒரே வார்த்தை. ஆனால் கார்டு முதலாளியுடையது. நாளை யாராவது தோண்டினால் இவள் வேலை போகும். உண்மையைச் சொன்னால்? அவர் பெயர் இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறும். என் விசா அவர் கம்பெனியில். ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்கு யார் புது விசா அடிப்பார்கள்?

அவள் விரல் படிவத்தை அனுப்பும் பட்டன் மேல் போனது.

“நிறுத்தும்மா!”

“எதை? நீங்கதானே ஓட்டறீங்க?”

சொல்லிவிட்டேன், பர்ஸை ஆட்டியது உட்பட.

அவள் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தாள். பிறகு, “நேத்து அம்மாகிட்ட உங்களைப் புகழ்ந்துட்டேனே மாமா!” என்றாள். முதலாளி பெயரை டைப் அடித்தாள்.

“என் பேரை எடுத்துட்டியா?”

“அது எப்படி? ‘ஏற்பாடு செய்தவர்’னு ஒரு கட்டம் இருக்கே!”

நம் ஊரில், சாப்பாடு போட்டது யார் என்று கேட்பதே மரியாதைக் குறைவு. அந்த மரியாதைக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறோம்!

திங்கட்கிழமை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன்.

“எம் பேரு அங்க ஏறிட்டா?”

“ஏறிட்டு, முதலாளி.”

பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். எனக்கு ஊர் திரும்பும் விமான டிக்கெட் கண்ணில் தெரிந்தது.

“அப்ப என்னத்துக்குவே ஒளிச்சுக்கிட்டு? நம்ம லெட்டர்ஹெட்ல அந்த எம்.பி.க்கே நேராக் கேட்டு எழுதும்.”

எழுதினேன். கேட்பது யார், எதற்குக் கேட்கிறார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால், கடிதம் நாலே வரியில் முடிந்துவிட்டது.