பக்கத்து இருக்கையில் பயம்

கம்பம் ஊரில் நான் லைஃப் கோச் என்று போர்டு மாட்டிய புதிதில் ஒரு டீச்சரம்மா வந்தார். பேசும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு மலைப்பாதை என்றாலே அவருக்கு நடுக்கம். மலைமேல் குமுளியிலோ மகளுக்குப் பிரசவ நேரம்.

"பயத்த விரட்டாதீங்க டீச்சர், பக்கத்துல உக்கார வச்சுக்கங்க" என்று பயிற்சி வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன்.

"அப்ப நீங்களும் கூட வாங்க சார்."

ஆண்டிபட்டிச் சமவெளியில் வளர்ந்த நான், குமுளி பஸ் மலையேறிய முதல் வளைவில் பள்ளத்தைப் பார்த்ததுமே கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விரட்டாதீக சார். அதுக்கும் கொஞ்சம் எடம் விட்டு உக்காருங்க" என்றார் டீச்சர்.

அசடு வழியத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குமுளியில் இறங்கி, அந்த நடுக்கத்தோடேயே மகளைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தார். வியந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பத்துக்குத் திரும்பிப் போகவும் அதே பாதைதான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.