ஜோர்தான் கல்யாணத்தில் இனியவன் போட்ட ஹவுஸ்

பாண்டி நெல்லித்தோப்பு இனியவன் ஒரு டிஜே என்று சொன்னால் ஊரில் எல்லோரும் நம்புவார்கள். ஹவுஸ் மியூசிக் டிஜே என்று சொன்னால் அவன் மனைவி சரிதாவே கொஞ்சம் யோசிப்பாள். அவனுக்குச் சோறு போடுவது குத்துப் பாட்டு. அவன் உயிரை விடுவது ஹவுஸுக்கு. வயது முப்பதைத் தாண்டியும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

ஹவுஸ் என்பது என்ன என்று கேட்டுவிடாதீர்கள், அவன் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். நானே சொல்லிவிடுகிறேன். கனமான டிரம் ஒன்று ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு பியானோ வரும், போகும். யாரோ ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். அவசரப்படுகிறவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இட்லி மாவு புளிக்கக் காத்திருப்பதுபோல் காத்திருந்தால் கால் தானாக ஆட ஆரம்பிக்கும், பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. இது இனியவன் கட்சி. சரிதாவின் கட்சி வேறு. "துணி தொவைக்கிறதுக்கு நல்லா இருக்குது" என்பாள்.

இந்தப் பைத்தியம் அவனைப் பிடித்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. அவன் அப்பா மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடியதும் ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தவர். வீட்டில் ஒரு ரேடியோகூட உருப்படியாக இல்லை. அடுத்த தெருவில் ஷார்லுடைய மாடி வீடு. ஷார்ல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தெருவில் எல்லோரும் மரியாதையாக முசே என்று கூப்பிடுவார்கள், குடும்பமே பிரான்சில். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்த வீடு ஜூலை பிறந்தால் திறக்கும். லீவு என்று அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள், வக்கான்ஸ் என்பார்கள். அப்படி ஒரு வக்கான்ஸில்தான் ஷார்லின் மகன் ஜோர்தான், தன் எம்பி3 பிளேயரின் ஒரு இயர்போனைக் கழற்றி இனியவன் காதில் சொருகினான்.

இனியவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாட்டிக்கிச்சாடா? திரும்பத் திரும்ப அதே வருது" என்றான்.

"இரு" என்றான் ஜோர்தான்.

இருந்தான். அன்றைக்கு இருந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஜூலைக்கும் அந்த மாடிக்குப் போய்க் காத்திருந்தான். ஜோர்தானுக்குத் தன்னால் ஆனது என்று அவனைத் திருவிழா, பெண் அழைப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஸ்பீக்கர் கட்டிய இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனான். அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

படிப்பு ஏறவில்லை. கலியபெருமாள் சவுண்ட் சர்வீஸில் பாக்ஸ் தூக்கப் போனான். தூக்கிக்கொண்டே கற்றுக்கொண்டான். பிறகு கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் விக்ரம் என்பவர் மொட்டை மாடியில் ஒரு பார் திறந்தபோது அங்கே டிஜேவாகப் போய் நின்றான். விக்ரம் கெட்டவர் இல்லை. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "கூட்டம் வர்ற வரைக்கும் நீ என்னா வேணா போட்டுக்க. வந்த பின்னாடி அவங்க கேக்குறதத்தான் போடணும்."

ஆகவே இனியவனின் ஹவுஸ் முழுக்கக் காலி நாற்காலிகளுக்கு ஒலித்தது. சர்வர்கள் மேஜைமேல் டிஷ்யூ பேப்பர் அடுக்குவார்கள், கடலில் வெளிச்சம் மங்கும், ஒரு பாட்டின் வாலில் இன்னொரு பாட்டின் தலையை அவன் அவ்வளவு பதமாகக் கோத்திருப்பான். அப்போது பெங்களூர் கார் ஒன்று வந்து நிற்கும். கல்லாவிலிருந்து விக்ரம் ஒரு விரலைத் தூக்குவார். ஹவுஸ் முடிந்தது. அந்த விரலை இனியவன் கனவில்கூடப் பார்த்திருக்கிறான். ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹவுஸ் என்று போஸ்டர் ஒட்டினான். வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் யோகா வகுப்புக்கு வழி கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

இதற்கெல்லாம் அவன் அசரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். கேட்கத் தெரிந்த ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பு. ஜோர்தானுக்கு லியோனில் வேலை கிடைத்து, வக்கான்ஸுக்கு வருவது நின்றே வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் காலி மாடியில் நிற்கும்போதெல்லாம், ஜோர்தான் இருந்தால் இந்த இடத்தில் கண்ணை மூடுவான் என்று இனியவன் நினைத்துக்கொள்வான். அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஜோர்தான் போன மாசிமகத்தின்போது வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். "மச்சான், ஆகஸ்ட்ல கல்யாணம். பொண்ணு பேரு ஏஸ்தெல். கல்யாணம் பாண்டிலதான், நீதான் டிஜே. ஒனக்கு எப்டிப் புடிக்குமோ அப்டிப் போடு."

இனியவன் அதைச் சரிதாவுக்குப் போட்டுக் காட்டினான்.

"அவரு சும்மா சொல்லியிருப்பாரு" என்றாள் அவள்.

"அவன் அப்டிச் சொல்ற ஆளு இல்ல."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. ஜோர்தானுக்காக ஒரு மணி நேர ஹவுஸ், நடுவில் யாரும் விரல் தூக்காத ஒரு மணி நேரம். இனியவன் ஆசைப்பட்டது இவ்வளவுதான். எதை முதலில் போடுவது, எதை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்று அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வரும் சரிதா, யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. ஜூலை முடிவதற்குள் அவளே பாத்திரம் கழுவும்போது அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து, தோட்டத்தில் பந்தல் போட்ட இடத்துக்கு எல்லோரும் வந்தார்கள். நின்றுகொண்டே ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள், சாப்பிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நடனம் ஆடினார்கள். கைதட்டல் ஓய்ந்தது. இனியவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஹவுஸைத் திறந்துவிட்டான்.

யாரும் ஆடவில்லை. அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்று பேசினார்கள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இனியவன் பொறுத்தான். இரண்டாவது பாட்டைச் சேர்த்தான். மூன்றாவதில் பியானோவைக் கொண்டுவந்தான். பந்தலின் ஓரத்தில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தாமலே தோளை அசைத்தார்கள். ஒரு அம்மாவின் செருப்பு தரையைத் தட்டியது. மாவு பொங்க ஆரம்பித்துவிட்டது என்று இனியவனுக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து ஜோர்தான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நேராக அவனிடம் வந்தான். இனியவன் சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினான்.

"மச்சான், குத்து போடுறா" என்றான் ஜோர்தான்.

"இரு. இப்பதான் சூடு புடிக்குது."

"அங்க தெனம் இதான்டா. காய் வாங்கப் போற கடையிலகூட இதான் ஓடுது." அவன் கன்சோல்மேல் சாய்ந்து கெஞ்சினான். "எவ்ளோ வருசமாச்சு தெரியுமா? ஏஸ்தெல் ஊட்டுக்காரங்கல்லாம் பாக்கணும்டா. போடு மச்சான், ஒன்னக் கும்புடுறேன்."

மாப்பிள்ளை கேட்கிறான். அவன் கல்யாணம். அவன் சந்தோஷத்துக்குத்தான் இனியவன் வந்திருக்கிறான். இதில் எந்த இடத்தில் எதிர்த்துப் பேசுவது? விக்ரம் விரல் தூக்கும்போதாவது மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம். இங்கே திட்டவும் ஆளில்லை. அவன் பாதியில் நின்ற பியானோவை இறக்கினான், பறையும் தவிலும் கலந்த ஒரு பாட்டை ஏற்றினான்.

பந்தல் கிளம்பிவிட்டது. தள்ளி உட்கார்ந்த பெரியவர்கூட கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வந்தார். ஏஸ்தெல் கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். லியோனிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார நண்பர்கள் கைக்குட்டையைச் சுழற்றினார்கள். இனியவன் அடுத்தடுத்துப் போட்டான். போடத் தெரியாமலா, அதில்தானே அவன் பிழைப்பு. எது எப்போது விழ வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். கை பாட்டுக்கு வேலை செய்தது. அவனுக்கு மட்டும் எங்கேயாவது போய் உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

பொழுது சாயும்போது ஜோர்தான் வந்து அவனைக் கட்டிக்கொண்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நீ சின்ன வயசுல என்ன இட்டுனு போய்க் காட்டுனியே, திருவிழா பாட்டெல்லாம்," என்றான். "அதக் கேட்டுகினுதான்டா அங்க குளிர்ல கெடந்தேன். எனக்குப் பாட்டுன்னா என்னான்னு காட்டுனதே நீதான் மச்சான்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்யில்லை. இனியவன் வாயைத் திறந்தான். அந்த ஒற்றை இயர்போனைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைச் சொன்னால் இவன் முகம் விழுந்துபோகும். கல்யாணத்தன்று எவனாவது அதைச் செய்வானா?

"போடா, ஃபோட்டோவுக்குக் கூப்புடறாங்க பாரு" என்றான்.

பந்தல் காலியானபின் சரிதா வந்து வயரைச் சுருட்ட உதவினாள். ஷார்ல் மெதுவாக நடந்து வந்தார். அண்ணன் மகனோ தங்கச்சி மகனோ யாருக்கோ டிசம்பரில் கல்யாணமாம்.

"நீதான் தம்பி வரணும். இன்னிக்குப் போட்ட மாதிரியே போடணும். என் கால் இப்டி ஆடி எவ்ளோ நாளாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார், குறை சொல்வதாக இவன் நினைத்துவிடக் கூடாதே என்று. "ஆரம்பத்துல மட்டும் செட்டுல ஏதோ கோளாறு போல. பாட்டே வரல, டொம்மு டொம்முன்னு அடிச்சுகினே இருந்துச்சு. அத மட்டும் பாத்துக்க."

சரிதா வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு இனியவனைப் பார்த்தாள்.

"சரி முசே" என்றான் அவன். "இனிமே வராது."