மதினி உடைத்துப் பார்த்த கற்கள்

மதினி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாள் காலையில், வாசற்படியின் ஒரு மூலையைச் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்தாள். பெரிய துண்டு இல்லை, புளியங்கொட்டை அளவுதான். அந்தத் துண்டை நாக்கில் ஒரு தடவை ஈரப்படுத்தி, வெயிலில் பிடித்து, கண்ணருகே பிடித்த சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்த அம்மா அலறினாள். "ஐயோ, வந்து மூணு நாள் ஆகல, வாசப்படிய ஒடைக்காளே! ஒடைச்சு நக்குதாளே! ஏலே, உன் பொண்டாட்டி என்ன செய்யுதான்னு வந்து பாருலே!" அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "அவ வேலையே அதாம்மா. பொண்ணு பாத்துட்டு வரும்போதே சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மதினி கனிமவளத் துறையில் வேலை பார்த்தாள். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். நான் அப்போது கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் எங்கள் தெருவில் கல்லைப் படித்த பெண் என்று வேறு யாரும் இல்லை. அம்மா உடைந்த மூலையில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, மதினி என் காதருகே வந்து, "வெளித்தோலப் பாத்து எந்தக் கல்லையும் நம்பக் கூடாதுட்டி. மழையும் வெயிலும் பட்டு எல்லாம் ஒரே அழுக்கா ஆயிரும். ஒடைச்சாத்தான் எங்கேருந்து வந்துதுன்னு சொல்லும்" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கட்சி.

பூமிக்குள்ளே எங்கும் பாறைக்குழம்பு கொதித்துக் கிடக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மதினி சிரித்தாள். உள்ளே பெரும்பகுதி கெட்டிப் பாறைதானாம். அழுத்தம் குறைகிற இடத்தில், நீர் போய்ச் சேருகிற இடத்தில், சூடு மிஞ்சுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் உருகுமாம், அதுவும் முழுதாக உருகாதாம். ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, தலையில் எண்ணெய் வாடை போகாமல் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தோம். மதினி தன் ஐஸை உறிஞ்சிவிட்டுக் காட்டினாள். நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிட்டன, வெறும் வெள்ளை ஐஸ் குச்சியில் மிஞ்சியது. பாறை உருகுவதும் இப்படித்தான், எளிதில் உருகுவது முதலில் கழன்று வரும், அதனால் குழம்பும் அது பிறந்த பாறையும் ஒன்றாக இருப்பதில்லை என்றாள். மேலேறி வருகிற குழம்பு வழியில் எங்காவது தங்கி ஆறும்போது இரும்புச் சத்துள்ள கனத்த கறுப்பு மணிகள் முதலில் இறுகி அடியில் தங்கிவிடும். மிஞ்சுகிற குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே போகும், நிறம் வெளுக்கும். ஒரே பானையில் தொடங்கியதுதான் ஒரு பக்கம் கறுப்புக் கல்லாகவும் ஒரு பக்கம் வெளிர் கல்லாகவும் ஆகிறது. ஆழத்தில் அவசரமில்லாமல் ஆறினால் பனங்கற்கண்டு மாதிரி மணிமணியாக விளையும். மேலே வந்து சட்டென்று ஆறினால் மணியே கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவள் பாடமாகச் சொன்னதில்லை. ஊர் வம்பு பேசுவதற்கு நடுவில், அதே குரலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் என்ன உறவு என்று சொல்வது போலத்தான் சொல்வாள்.

எனக்கு மகள் பிறந்தாள். பேசத் தொடங்கியதிலிருந்தே, அவளுக்கு அத்தையான மதினி வந்தால், மதினியின் கைப்பையைத்தான் முதலில் திறப்பாள். உள்ளே சீப்பு இருக்காது, கல் இருக்கும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் நிலவியல் எடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் மதினியைத்தான் கோபித்தேன். "நான் ஒண்ணும் சொல்லலட்டி, கல்லு சொல்லிருக்கும்" என்றாள்.

எட்டு மாதங்களுக்கு முன் மதினி இறந்துபோனாள். வடக்கே ஒரு மாவட்டத்தில், ஒரு குவாரியைப் பார்வையிடப் போன இடத்தில். வெளிர் பாறையைக் கிழித்துக்கொண்டு ஒரு காலத்தில் குழம்பு ஏறி, இறுகி, கறுப்புப் பட்டையாக நின்ற இடம் அது. அந்தப் பட்டையின் ஓரம் குளிர்ந்த பாறையைத் தொட்டதும் சட்டென்று ஆறியிருக்கும். அதனால் ஓரத்தில் மணிகள் பொடியாகவும் நடுவில் பெரிதாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில் அவளுக்குத் தீராத ஆசை. ஆனால் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோகாமல் அதைப் பார்க்க முடியாது. இரண்டு பாறைகள் சேருகிற ஓரத்தில்தான் வெடிப்பும் அதிகம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கூடப் போன இருவரும் விவரம் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவர் கையில் கட்டோடு துட்டி கேட்கத் துக்க வீட்டுக்கு வந்து, அண்ணன் முன்னால் நிற்க முடியாமல் நின்றார். "மூணு பேரும் ஒரே கல்லத்தான் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தோம், அண்ணாச்சி" என்றார். மேலே இருந்து பாறை சரிந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் செய்தி போனில்தான் வந்தது. இன்னும் போன் அடித்தால் யார் என்று பார்க்காமல் நான் எடுப்பதில்லை. இந்த நிலையில்தான் மகள் ஒரு கடிதத்தோடு வந்தாள். அந்தமானுக்கு அப்பால் ஆளில்லாத தீவு ஒன்று இருக்கிறது, அது உயிரோடிருக்கும் எரிமலை. அவளுடைய ஆராய்ச்சிக் குழு கப்பலில் அங்கே போகிறது. ஓரிரு நாள் கரையிறங்கி, பழைய குழம்பு இறுகிய கற்களை எடுத்து வருவார்கள். பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். ஒன்பது நாள் அங்கேயே இருந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில், ஆள் இல்லாத நேரமெல்லாம் எரிமலைகளைப் பற்றிப் படித்தேன். சிலிக்கா குறைந்த குழம்பு இளகி ஓடும், அதற்குள் இருக்கிற வாயு எளிதில் வெளியேறிவிடும். சிலிக்கா கூடினால் குழம்பு இறுகலாகும், வாயு சிக்கிக்கொள்ளும், வெடிக்கும். உளுந்தங்களி கிண்டும்போது கையில் தெறிப்பதும் ரசம் தெறிக்காமல் கொதிப்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அந்தத் தீவு ரசமா களியா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மகளிடமே கேட்டுவிட்டேன்.

"பெரும்பாலும் ஓடுற குழம்புதாம்மா. சிலிக்கா கம்மி. சில நேரம் சாம்பலும் கல்லும் வீசும். அப்படி இருந்தா எறங்கவே விட மாட்டாங்க."

"எரிமலை ஒங்ககிட்ட சொல்லிட்டா செய்யும்?"

"கருவியெல்லாம் இருக்கும்மா. நீ எந்தக் காலத்துலேருந்து சிலிக்கா பேசுதே? ஆபீஸ்ல வேலையே இல்லையா ஒனக்கு?"

"சிரிக்காதட்டி. ஒங்க அத்தை நெருப்புல சாகல. எப்பவோ ஆறிப்போன கல்லுலதான் செத்தா."

அவள் முகம் சுருங்கியது. எழுந்து போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. "தெரியும்மா. அந்த இடத்தோட போட்டோ எங்கிட்ட இருக்கு. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். இத்தனை நாளும் அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் சாலைக்காக மலையை வெட்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டிப் போகச் சொன்னேன். இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்தப் பாறையை ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் மலையின் கல் பெரும்பாலும் பிறந்தபடியே இல்லை, ஆழத்தில் மறுபடி வெந்து உருமாறியது. அதன் ஊடாக ஒரு முழ அகலத்தில் வெளிர் பட்டை ஒன்று ஏறிப் போயிருந்தது. குழம்பெல்லாம் இறுகிக் கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் அது, நீர் நிறைந்தது, அதனால் மணிகள் பெரிது பெரிதாக விளைந்திருக்கின்றன என்றாள் மகள். பளிங்கு போன்ற வெங்கச்சங்கல்லும் இளஞ்சிவப்பு மணிகளும் என் கண்ணுக்கே தெரிந்தன. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் தலை நிறைய எண்ணெயோடு வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். அவள் லென்ஸைக் கண்ணில் வைத்து, முகத்தைப் பாறையோடு ஒட்டினாள். அந்த நொடியில் அவளுக்கு ஊரும் இல்லை, நானும் இல்லை. மதினி நின்ற நிற்பு அப்படியே.

கையைப் பிடித்து இழுத்துவிடத்தான் போனேன். பிறகு இரண்டடி பின்னால் வந்து, அண்ணாந்து, வெட்டுப் பாறையின் உச்சியைப் பார்த்தபடி நின்றேன். முகத்தில் தூறல் விழுந்தது. ஒரு செடி அசைந்தால்கூடத் திடுக்கிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா அங்கன பாக்க? குரங்கா?"

"ஒண்ணுமில்ல. நீ கல்லப் பாரு. மேல நான் பாத்துக்கிடுதேன்."

அவள் மறுபடி திரும்பி, அவசரப்படாமல், நெடுநேரம் பார்த்தாள்.

அன்று மாலை கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு மேலே மிஞ்சியிருந்த இடத்தில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: "என் மகள் குனிந்து கல்லைப் பார்க்கும் நேரமெல்லாம், கல்லைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்."

மகள் வாங்கிப் படித்தாள். "இதுல யாரும் இப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. எங்க சார் படிச்சா என்ன நெனப்பாரு?"

"அந்த வரிய அடிச்சிரவா?"

அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இருக்கட்டும்."