எந்த மாத்திரையை நிறுத்துவது?

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஜெயலெட்சுமிக்கு இருதய வால்வு சுருங்கிப் போயிருந்தது; நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம் என்றார்கள். 1998இல் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் வால்வு மாற்ற நாள் கொடுத்தார்கள். அதுவரை தினமும் இரண்டு மாத்திரை: ஒன்று இரத்தம் உறையாமலிருக்க, மற்றது இருதயம் தறிகெட்டு ஓடாமலிருக்க.

புருஷன் இராமையாவோடு பதுளையில் ரயிலேறிப் போனாள். இரத்தத்தைச் சோதித்ததுமே திருப்பி அனுப்பினார்கள். உறையவே மாட்டேன் என்கிறதாம், வெட்டினால் நிற்காதாம். அடுத்த முறை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டிய மருந்தைத் தாதி சிங்களத்தில் விளக்கினாள். ஜெயலெட்சுமிக்குப் பிடிபட்டது மருந்து, நிறுத்து என்ற இரண்டு சொல்தான்.

அவள் இரண்டையும் நிறுத்திவிட்டுப் போனாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சிவரூபி யாழ்ப்பாணத்துக்காரி. நாடியைப் பிடித்தவர் முகம் சுளித்தார்.

"இருதயத்துக்குத் தந்த குளிசையையும் நிப்பாட்டினீங்களோ?"

"நிப்பாட்டத்தானேங்க சொன்னாங்க?"

"ஐயோ, அதை ஆர் நிப்பாட்டச் சொன்னது? இந்த ஓட்டத்தில மயக்கினா இருதயம் தாங்காது. இண்டைக்குச் செய்யேலாது."

"மொத தடவ முழுங்குனது தப்பு. இந்தத் தடவ முழுங்காதது தப்பு. நான் என்னதாங்க செய்யிறது?"

"நல்லதுக்குத்தானே சொல்றாங்க," என்றான் இராமையா.

"நீங்க சும்மா இருங்க!"

டாக்டர் இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இந்த றோஸ் நிறம் இரத்தத்துக்கு. இதை மட்டும் நிப்பாட்டுங்கோ. வெள்ளையை விடாமப் போடுங்கோ."

மூன்றாம் முறை நெஞ்சைத் திறந்தார்கள். வால்வு வைத்த பிறகும் இருதயம் சோம்பலாகவே அடித்தது. மருந்து ஏற்றித்தான் அதை உசுப்பினார்கள். கசிவு லேசில் நிற்கவில்லை, மேலும் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தெளிந்தவளிடம், உலோக வால்வு என்பதால் றோஸ் மாத்திரையை இனி ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்றார் டாக்டர்.

"மறுபடியும் அதேதானா?" என்று கம்மிய குரலில் சீறினாள்.

மலை ஏறக் கூடாது என்பதால் தோட்டத்தில் அவளைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். கொழுந்து எடுக்கும் தாய்மாரின் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்க்கும் வேலை. முதல் நாள் சாயங்காலம் அழைத்துப் போக வந்த இராமையா, எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டான்.

"ஒண்ணு தூங்குனா ஒண்ணு கத்துது, ஒண்ண தூக்குனா இன்னொண்ணு கடிக்குது, எவ பெத்ததுன்னே தெரியல, இதுக்கு அந்த மலையே தேவலாம்!"

லயத்து வீடு வரும்வரை அவள் ஓயவில்லை. நடந்துகொண்டே, மூச்சு வாங்காமல் திட்டுகிறாள் என்பதை இராமையா கவனித்தான். சொன்னால் அதற்கும் ஏச்சு விழும் என்று அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்தான்.